விடுப்பை நீட்டலாமா, நீட்டிக்கலாமா?

கேள்வி: நான் வேலைக்குச் சேர்ந்து ஏழு மாதம் ஆகிறது. அம்மாவுக்கு அறுவைச் சிகிச்சை நடந்தது. எடுத்த விடுப்பு போதாமல், இன்னும் மூன்று நாள் கேட்டு ‘கைண்ட்லி எலாங்கேட் மை லீவ்’ என்று மின்னஞ்சல் அனுப்பினேன். விடுப்பு கிடைத்துவிட்டது. ஆனால் மேலாளர் ‘எலாங்கேட்’ என்ற சொல்லை மட்டும் சிவப்பாக்கி, ‘தவறான சொல்’ என்று எழுதித் திருப்பி அனுப்பியிருந்தார். அகராதியைப் புரட்டினேன். எலாங்கேட் என்றால் நீட்டு, நீளமாக்கு என்றுதான் இருக்கிறது. எக்ஸ்டெண்ட் என்றாலும் நீட்டு, புரோலாங் என்றாலும் நீட்டு, லெங்தன் என்றாலும் நீட்டு. எல்லாம் ஒன்றென்றால் என் சொல் மட்டும் எப்படித் தவறாகும்? அந்தச் சொல்லை எங்கேதான் பயன்படுத்துவது? தமிழ்வழியில் படித்ததால்தான் எனக்கு இப்படி நேர்கிறதா?

பதில்: அன்புள்ள வாசகிக்கு வணக்கம். அம்மா இப்போது நலமாக இருப்பார் என்று நம்புகிறேன்.

உங்கள் கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன், அதுதான் என் மனத்தில் தைத்தது. தமிழ்வழியில் படித்தது இந்தப் பிழைக்குக் காரணமே அல்ல. இருபது ஆண்டுகளுக்கு மேலாக மொழிபெயர்ப்பும் மெய்ப்புத் திருத்தமும்தான் என் தொழில். ஆங்கிலவழியில் படித்தவர்கள் எழுதித் தரும் பக்கங்களிலும் இதே எலாங்கேட் இதே இடத்தில் வந்து உட்கார்ந்திருக்கும். எத்தனையோ முறை அதை அடித்துவிட்டு வேறு சொல் எழுதியிருக்கிறேன். உங்களைக் கைவிட்டது உங்கள் அகராதி. நான்கைந்து ஆங்கிலச் சொற்களுக்கு எதிரே ‘நீட்டு’ என்ற ஒரே சொல்லைப் போட்டுவிட்டு, எதை எங்கே சொல்வது என்று அது சொல்லாமல் விட்டுவிட்டது. உங்கள் மேலாளரும் சரியான சொல்லைப் பக்கத்தில் எழுதியிருக்கலாம். அரை நிமிட வேலை அது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். அந்த விண்ணப்பத்தைத் தமிழில் எழுதியிருந்தால் எப்படி எழுதியிருப்பீர்கள்? ‘விடுப்பை மூன்று நாள் நீட்டித் தாருங்கள்’ என்று எழுதமாட்டீர்கள். ‘விடுப்பை மூன்று நாள் நீட்டித்துத் தாருங்கள்’ என்றுதான் எழுதுவீர்கள். இந்த இரண்டுக்கும் நடுவே இருப்பது ‘த்து’ என்ற சின்ன ஒலி மட்டுமே. நீட்டினேன் என்பது வேறு, நீட்டித்தேன் என்பது வேறு என்று யாரும் உங்களுக்குப் பாடம் நடத்தவில்லை, ஆனாலும் உங்கள் காதுக்குத் தெரியும். கையை நீட்டினான் என்போம், கையை நீட்டித்தான் என்று குழந்தைகூடச் சொல்லாது. ஒப்பந்தத்தை நீட்டித்தார்கள் என்போம், ஒப்பந்தத்தை நீட்டினார்கள் என்றால் காகிதத்தை யாரிடமோ கொடுக்கிறார்கள் என்றுதான் தோன்றும். பொருளுக்கு ஒரு சொல், காலக்கெடுவுக்கு ஒரு சொல் என்று தமிழ் கோடு கிழித்துத்தான் வைத்திருக்கிறது. ஆங்கிலமும் ஏறக்குறைய அதே இடத்தில் ஒரு கோடு கிழித்திருக்கிறது. நீங்கள் எழுதிய சொல் அந்தக் கோட்டுக்கு மறுபக்கத்தில் இருப்பது.

எலாங்கேட் எந்தப் பக்கத்தைச் சேர்ந்தது என்பதைக் கையாலேயே தெரிந்துகொள்ளலாம். ஒரு களிமண் உருண்டையை எடுத்து இரண்டு உள்ளங்கைகளுக்கு இடையே வைத்து உருட்டுங்கள். உருண்டை முதலில் முட்டை வடிவத்துக்கு வரும். இன்னும் உருட்டினால் விரல் போல ஆகும், பிறகு தடித்த கயிறு போல. மண் அதே மண்தான், நீங்கள் ஒரு துளியும் சேர்க்கவில்லை. தடிமனில் குறைந்ததெல்லாம் நீளத்தில் சேர்ந்திருக்கிறது. எலாங்கேட் என்ற சொல்லின் மையப் பொருள் இதுதான்: ஒரு பொருளின் வடிவம் நீள்வாட்டில் இழுபட்டு, அகலத்தோடு ஒப்பிட நீளம் மிகுந்து தெரிவது. ஆகவே அந்தச் சொல்லைக் கேட்டதும் ஆங்கிலக் காதுக்கு ஓர் உருவம் தோன்றும். உங்கள் விடுப்புக்கு உருவம் கிடையாது. நீங்கள் கேட்டது நாள்களை, வடிவத்தை அல்ல. அந்தச் சொல் அங்கே உறுத்தியதற்குக் காரணம் இவ்வளவுதான்.

அதே களிமண் கயிற்றின் நுனியில் இன்னொரு துண்டை ஒட்டி நீளமாக்கினால் அதை எலாங்கேட் என்று சொல்ல மனம் வராது. அங்கே லெங்தன் பொருந்தும், எக்ஸ்டெண்டும் பொருந்தும். பாவாடையின் கீழ்மடிப்பைப் பிரித்து இரண்டு அங்குலம் இறக்கிவிடுவதும் லெங்தன்தான். இந்த லெங்தன் எந்த வீட்டுக்கும் போய்வரக்கூடிய பொதுச்சொல். துணியும் நீளும், கோடைக்காலத்தில் பகலும் நீளும், மாலையில் நிழலும் நீளும், மூன்றுக்கும் இதைச் சொல்லலாம். நம்முடைய ‘நீள்’ என்பதும் இப்படித்தான் பொருளுக்கும் காலத்துக்கும் பொதுவாக நிற்கிறது. நிழல் நீண்டது, பேச்சு நீண்டது என்று இரண்டும் சொல்கிறோம் அல்லவா? ஸ்ட்ரெட்ச் என்பது இழுக்கும் செயலை முன்னால் நிறுத்தும் சொல். ரப்பர் வளையத்தை இழுக்கிறோம், அது ஸ்ட்ரெட்ச். இழுத்ததால் அதன் வடிவம் நீண்டு ஒடுங்குகிறது, அது எலாங்கேட்.

கையை நீட்டும் விஷயத்தில் இன்னொரு குழி இருக்கிறது. ‘அவன் கையை நீட்டினான்’ என்பதை அகராதியை நம்பி எலாங்கேட் போட்டு மொழிபெயர்த்தால், அவன் கை ரப்பர் போல வளர்ந்து நீண்டுவிட்டது என்று பொருளாகிவிடும். மாயக்கதைக்கு வேண்டுமானால் அது சரி. சாதாரண மனிதன் கையை நீட்டும்போது கையின் அளவு மாறுவதில்லை, அது மடங்கிய நிலையிலிருந்து விரிகிறது. அதற்கு எக்ஸ்டெண்ட் அல்லது ஹோல்ட் அவுட். தமிழில் ‘நீட்டு’ என்பது நீளமாக்குவதையும் குறிக்கும், எதிரே இருப்பவரை நோக்கிக் கொண்டுபோவதையும் குறிக்கும். எலாங்கேட் முதல் வேலையை மட்டும்தான் செய்யும்.

உங்களுக்குத் தேவையாக இருந்த சொல் எக்ஸ்டெண்ட். அதன் லத்தீன் வேரான ‘டெண்டெரே’ என்பதற்கு இழுத்து விரி என்று பொருள். துணியை இழுத்துக் கட்டும் டெண்ட் கொட்டகையும், விறைப்பைக் குறிக்கும் டென்ஷனும் அதே வேரில் பிறந்தவை. ஏற்கெனவே ஓர் எல்லை குறிக்கப்பட்டிருக்கிறது, அதிகாரம் உள்ள ஒருவர் அந்த எல்லையைத் தள்ளி வைக்கிறார் என்றால் அங்கே எக்ஸ்டெண்ட். விடுப்பு, விசா, ஒப்பந்தம், கட்டணம் செலுத்தக் கடைசித் தேதி எல்லாம் இந்த வகை. தமிழில் ‘கால நீட்டிப்பு’ என்று எங்கெல்லாம் எழுதுவீர்களோ, அங்கெல்லாம் ஆங்கிலத்தில் எக்ஸ்டென்ஷன் என்று கண்ணை மூடிக்கொண்டு எழுதலாம். உதவிக்கரம் நீட்டுவதற்கும் நன்றியையோ அழைப்பையோ தெரிவிப்பதற்கும் அதே எக்ஸ்டெண்ட் வருவதைப் பார்த்திருப்பீர்கள். அடியில் இருப்பது அந்த நீட்டிய கைதான்.

புரோலாங் கொஞ்சம் நுட்பமானது. ஒரு நிலை, முடிந்துவிட வேண்டியது அல்லது முடிந்துவிடக் கூடியது, முடியாமல் தொடரும்படி செய்வதே புரோலாங். நம்முடைய ‘நீடிக்கச் செய்’ இதற்கு நேர். ஆயுளை நீடிக்கச் செய்யும் மருந்து, வேதனையை நீடிக்கச் செய்யும் தாமதம், போரை நீடிக்கச் செய்யும் பிடிவாதம். பெரும்பாலும் துன்பத்தோடு சேர்ந்து வரும் சொல் என்பதால், விடுப்புக் கடிதத்தில் இதையும் போடவேண்டாம் என்பேன். இலக்கணப்படி தவறில்லை, ஆனால் கேட்பவருக்குச் சற்று உரசும்.

காலத்தைக் குறிப்பதற்கும் வடிவத்தைக் குறிப்பதற்கும் இடையே ஆங்கிலம் எவ்வளவு கறாராக இருக்கிறது என்பதை ஒரு இசிஜி தாளில் பார்க்கலாம். அந்தத் தாள் வழக்கமாக நொடிக்கு 25 மில்லிமீட்டர் வேகத்தில் நகரும். ஆகவே ஒரு மில்லிமீட்டர் அகலமுள்ள ஒவ்வொரு சிறு கட்டமும் 0.04 நொடியைக் குறிக்கும். க்யூடி என்று ஓர் இடைவெளி இருக்கிறது. இதயத்தின் கீழறைகள் மின்தூண்டல் பெற்று மறுபடி பழைய நிலைக்குத் திரும்பும் வரை உள்ள நேரம் அது. அந்த நேரம் கூடினால் தாளில் கண்ணெதிரே நீளமும் கூடித்தான் தெரியும், அளவுகோல் வைத்து அளந்துவிடலாம். இருந்தும் மருத்துவர் அதை எலாங்கேட்டட் க்யூடி என்று எழுதுவதில்லை, புரோலாங்டு க்யூடி என்றுதான் எழுதுகிறார். தாளில் இருப்பது கோடாக இருந்தாலும் அவர் பேசுவது நேரத்தைப் பற்றி. அதே மருத்துவர் காதுக்குக் கீழே மண்டையோட்டிலிருந்து கூராக இறங்கும் சிறு எலும்பு சிலருக்கு வழக்கத்தைவிட நீண்டிருப்பதைப் பற்றி எழுதும்போது எலாங்கேட்டட் என்று எழுதுவார். மருத்துவ அறிக்கைகளை மொழிபெயர்க்கத் தொடங்கிய நாள்களில் ஒரு மூத்த மெய்ப்புத் திருத்துநர் எனக்குக் கற்றுக்கொடுத்த கேள்வி இது: ‘நீ அளக்கப் போவது அளவுகோலாலா, கடிகாரத்தாலா?’ இன்றைக்கும் சந்தேகம் வரும்போது அந்தக் கேள்வியைத்தான் கேட்டுக்கொள்கிறேன்.

புரோட்ராக்ட் என்று ஒன்று மிச்சம் இருக்கிறது. இது நம் ‘இழுத்தடி’யேதான். லத்தீனில் ‘டிராஹெரே’ என்றால் இழு. டிராக்டர் என்ற பெயரும் அந்த இழுவையிலிருந்து வந்ததுதான். இழுபறியாகப் போகும் பேச்சுவார்த்தை, ஆண்டுக்கணக்கில் இழுக்கும் வழக்கு ஆகியவற்றுக்குப் புரோட்ராக்டட். தாமதத்தைத் தமிழும் ‘இழு’ என்று சொல்கிறது, லத்தீனும் அப்படியே சொல்லியிருக்கிறது. ஒன்றுக்கொன்று உறவில்லாத இரண்டு மொழிகள் ஒரே அனுபவத்துக்கு ஒரே சொல்லைத் தேர்ந்திருப்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மகிழ்ச்சி பொங்கும்.

இப்படி இன்னொன்றும் உண்டு. புரோலாங் என்ற சொல்லோடு ஒரே லத்தீன் வயிற்றில் பிறந்து, பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்த இன்னொரு சொல் பர்லாயின். தள்ளி வை, தூரமாக்கு என்று இருந்த அதன் பொருள் மெல்ல மெல்லத் திருடு என்று ஆகிவிட்டது. நாமும் திருட்டுப் புத்தி உள்ளவரை ‘கை நீளம்’ என்றுதானே சொல்கிறோம்!

உங்கள் இரண்டாவது கேள்வி: எலாங்கேட் எங்கே பயன்படும்? வடிவத்தைப் பற்றிப் பேசும் எல்லா இடத்திலும். கரண்டியின் பின்புறத்தில் தெரியும் முகம் எலாங்கேட்டட். எல் கிரெக்கோ வரைந்த புனிதர்களின் உடல்களும், மொதில்யானி வரைந்த பெண்களின் கழுத்துகளும், ஜாகோமெட்டியின் சிற்பங்களில் குச்சி போல நிற்கும் மனிதர்களும் எலாங்கேட்டட். கலை விமரிசனத்தில் இந்தச் சொல் இல்லாமல் அவர்களைப் பற்றி எழுதுவது கடினம். சொல்லின் இந்த ‘டட்’ வடிவமே பொதுவாழ்க்கையில் அதிகம் தென்படுவது. தமிழில் ‘நீண்டு ஒடுங்கிய’ என்றோ ‘நீள்வாட்டமான’ என்றோ எழுதினால் பொருள் சரியாக வந்துவிடும். வெறுமனே ‘நீளமான’ என்று எழுதினால் பாதிதான் வரும்.

அறிவியலில் இந்தச் சொல்லுக்கு நிலையான வேலைகள் உண்டு. இருட்டில் முளைத்த செடியின் தண்டு வெளுத்து ஒல்லியாக நீள்வதற்குக் காரணம் அதன் செல்கள் நீள்வதே. அதற்கு எலாங்கேஷன் என்று பெயர். டிஎன்ஏவைப் பார்த்து ஆர்என்ஏ இழை உருவாகும் மூன்று கட்டங்களில் நடுக்கட்டமும் எலாங்கேஷன்தான். தொடக்கம், நீட்சி, முடிவு என்று தமிழில் எழுதலாம். உலோகச் சோதனையில் ஒரு கம்பியின் மேல் 50 மில்லிமீட்டர் இடைவெளியில் இரண்டு குறிகள் இட்டு, அது அறும் வரை இழுக்கிறார்கள். அறுந்த துண்டுகளைப் பொருத்தி வைத்து மறுபடி அளந்தால் குறிகளுக்கு இடையே 60 மில்லிமீட்டர் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். எலாங்கேஷன் 20 விழுக்காடு என்று எழுதுவார்கள். அந்த எண் பெரிதாக இருந்தால், உலோகம் பட்டென்று ஒடியாமல் நீண்டு கொடுத்த பிறகே அறும் என்று பொருள். இங்கேயும் சோதனைக்கூடத்தில் நடந்தது நம் களிமண் கதைதான்: கம்பி நீண்டது, நடுவில் மெலிந்தது.

வானியலில் மட்டும் இந்தச் சொல் வேறு முகம் காட்டும். அங்கே எலாங்கேஷன் என்பது பூமியிலிருந்து பார்க்கும்போது சூரியனிலிருந்து ஒரு கோள் எவ்வளவு கோணம் விலகி நிற்கிறது என்பது. வெள்ளி அதிகபட்சம் ஏறத்தாழ 47 பாகை விலகும், புதன் 28 பாகைக்கு மேல் விலகாது. அதனால்தான் விடிவெள்ளியை நள்ளிரவில் யாரும் பார்க்க முடிவதில்லை, விடியலுக்கு முன்போ அந்திக்குப் பின்போ மட்டும் தெரிகிறது. நீளத்துக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று கேட்பீர்கள். ஆங்கிலத்துக்கு வந்த புதிதில் எலாங்கேட் என்றால் ‘தொலைவுக்குக் கொண்டுபோ’ என்றும் ஒரு பொருள் இருந்தது. பேச்சில் அது மறைந்துவிட்டது, வானியலார் மட்டும் அதைக் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள்.

ஒலி எந்தப் பக்கம் சேரும் என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் யோசித்தால் அந்தச் சந்தேகம் வரும். ஒலிக்கு நீளம் என்பது நேரம்தான். குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு, அளபெடுத்தால் மூன்று என்று நம் இலக்கணம் கண்ணிமைப் பொழுதைக் கொண்டு அளந்து வைத்திருக்கிறது. ஆங்கில மொழியியலார் உயிரொலி நீள்வதை லெங்தனிங் என்கிறார்கள். பாடகர் ஒரு சுரத்தைப் பிடித்து நிற்பது புரோலாங். ஆனால் அதே நீட்டத்தை எழுத்தில் காட்டும்போது எலாங்கேட் உள்ளே வருகிறது. ‘வாஆஆஆ’ என்று செல்பேசியில் எழுதுகிறோமே, அது எலாங்கேட்டட் சொல். ‘ஓஒதல் வேண்டும்’ என்று தொடங்கும் 653ஆம் குறளில் ஓகாரத்துக்குப் பக்கத்தில் ஒகரம் வந்து உட்கார்ந்திருப்பதும் இந்த வேலைக்குத்தான். காது கேட்க வேண்டிய நேரத்தைக் கண் பார்க்கும் நீளமாக மாற்றிக் காட்டுகிறது அந்த ஒற்றை எழுத்து.

இலக்கணத்தில் ஒன்றே ஒன்றைக் கவனியுங்கள். தமிழில் தானாக நீள்வதற்கு ‘நீள்’, பிறர் நீளச் செய்வதற்கு ‘நீட்டு’ என்று தனித்தனி வினை உண்டு. எலாங்கேட், லெங்தன், எக்ஸ்டெண்ட் மூன்றும் இரண்டு வேலையையும் தாமே செய்யும். செல் எலாங்கேட் ஆகும், வெப்பம் கம்பியை எலாங்கேட் செய்யும். புரோலாங் மட்டும் அப்படி இல்லை, அது எப்போதும் செயப்படுபொருள் கேட்கும். ‘கூட்டம் நீடித்தது’ என்பதை ‘தி மீட்டிங் புரோலாங்டு’ என்று எழுதினால் பிழை. யாரோ, எதுவோ அதை நீடிக்கச் செய்திருக்க வேண்டும். தானாக நீடித்ததென்றால் ‘லாஸ்டெட்’ அல்லது ‘கண்டின்யூடு’ போதும். நான் திருத்தும் பக்கங்களில் எலாங்கேட்டைவிட இந்தப் பிழைதான் அதிகம்.

உச்சரிப்பில் குழப்பம் வேண்டாம். பிரிட்டிஷ் வழக்கில் ‘ஈ’ என்று முதல் அசையை அழுத்தி ஈலாங்கேட் என்பார்கள், அமெரிக்க வழக்கில் அழுத்தம் ‘லாங்’ மேல் விழும். இரண்டும் சரி.

அடுத்த முறை விடுப்பு போதவில்லை என்றால் இப்படி எழுதுங்கள்: ‘ஐ ரிக்வெஸ்ட் யூ டு எக்ஸ்டெண்ட் மை லீவ் பை த்ரீ டேஸ்’. நாள் கணக்கைச் சொல்லும்போது ‘பை’. தேதியைச் சொல்வதாக இருந்தால் ‘அன்டில்’ போட்டுத் தேதியை எழுதுங்கள். தேதிக்கு முன்னால் ‘பை’ போட்டுவிடாதீர்கள், அந்தத் தேதிக்குள் முடித்துவிட வேண்டும் என்று பொருள் மாறிவிடும். ‘கைண்ட்லி’ இருக்கட்டும், அதில் பிழை எதுவும் இல்லை.